பித்தளையைத் துலக்காதீர்கள்: பழைய பெயிண்ட்பால் துப்பாக்கி சேகரிக்க வருகிறவர்களுக்கு

போன தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு தப்பு செய்தேன். வீட்டில் குத்துவிளக்கு, தாம்பாளம், செம்பு எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தோம். தென்னாப்பிரிக்காவில் நாங்கள் இருக்கும் டர்பன் நகரக் கடல் காற்றில் பித்தளையைக் கொஞ்ச நாள் கவனிக்காமல் விட்டால் பச்சைக் களிம்பு ஏறிவிடும். வேலை முடிகிற நேரத்தில் என் மேசையில் கிடந்த ஷெரிடன் பிஜிபி கண்ணில் பட்டது. 1980களில் அமெரிக்காவில் செய்த பெயிண்ட்பால் கைத்துப்பாக்கி அது, ஒவ்வொரு தடவையும் கையால் பம்ப் அடித்துச் சுட வேண்டிய வகை. உடம்பு பித்தளை, மேலே கறுப்புப் பூச்சு. பூச்சு பாதி தேய்ந்து, உள்ளே இருக்கும் பித்தளை திட்டுத்திட்டாகத் தெரிந்தது. தின்னர் தடவி மிச்சப் பூச்சை வழித்தேன். அப்புறம் புளியும் தேங்காய் நாரும். அரை மணி நேரத்தில் கல்யாண வீட்டு விளக்கு மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது. பெருமையாகப் பக்கத்து வீட்டு அண்ணாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "தம்பி, தேஞ்ச இடத்தைப் பாத்தாத்தானே இதை வச்சிருந்தவன் எந்தக் கையால பம்ப் அடிச்சான்னு தெரியும்? இப்ப எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அண்ணாவின் முன்னோர் நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள். அவர் பிறந்தது கிளேர்வுட்டில், இப்போது இருப்பது சாட்ஸ்வொர்த்தில், எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. நான் கோயம்புத்தூரில் லேத் பிடித்துப் பழகி, ஜேக்கப்ஸ் பகுதிப் பட்டறை ஒன்றுக்கு டர்னராக வந்தவன். அவரிடம் இருபதுக்கும் மேற்பட்ட பழைய பெயிண்ட்பால் துப்பாக்கிகள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல், மூடிவிட்ட விளையாட்டுத் திடல்களிலிருந்து பெட்டியோடு வாங்கியவை. சனிக்கிழமை மதியம் இரண்டு பேரும் கராஜில் உட்கார்ந்தால் இருட்டுகிற வரை எழுந்திருக்க மாட்டோம். நான் கற்றுக்கொண்டதை, இதுவரை பெயிண்ட்பால் துப்பாக்கியைக் கையில் தொட்டுக்கூடப் பார்க்காதவருக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில், இது என்ன சாமான்? அழுத்தி அடைத்த வாயுவால் ஒரு சாயப் பந்தைத் தள்ளிவிடுகிற கருவி. பந்தின் விட்டம் 0.68 அங்குலம், கிட்டத்தட்ட 17 மில்லிமீட்டர். மீன் எண்ணெய் மாத்திரை பார்த்திருப்பீர்கள், மெத்தென்று இருக்குமே, அதே ஜெலட்டின் ஓடுதான் இதற்கும். உள்ளே எண்ணெய்க்குப் பதில் சாயம். பட்ட இடத்தில் உடைந்து அடையாளம் போடும். அதனால்தான் இந்தத் தொழிலில் இருக்கிறவர்கள் துப்பாக்கி என்று சொல்லாமல் மார்க்கர் என்பார்கள். நம் பேச்சு வழக்குக்கு ஏற்ப நான் இரண்டையும் கலந்தே சொல்கிறேன்.

விளையாட்டுக்காகப் பிறந்த பொருள் இல்லை இது. மிச்சிகன் மாநிலத்து அயர்ன் மவுண்டன் என்ற ஊர்ப் பக்கம் நெல்சன் பெயிண்ட் கம்பெனி இருக்கிறது. காட்டில் வெட்ட வேண்டிய மரத்துக்கு அடையாளச் சாயம் விற்கிற கம்பெனி. ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கும் மரத்துக்கும், கிட்டே நெருங்க முடியாத மாட்டுக்கும் தூரத்திலிருந்தே சாயம் போட அவர்களுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. 1960களில் கிராஸ்மன் கம்பெனி 707 என்ற கைத்துப்பாக்கியைச் செய்து கொடுத்தது. அது விற்கவில்லை. அப்புறம் டெய்சி கம்பெனியிடம் போனார்கள். அங்கே ஜேம்ஸ் ஹேல் வடிவமைத்ததற்கு 1974இல் காப்புரிமை கிடைத்தது. அதுதான் நெல்ஸ்பாட் 007. இங்கே நேட்டால் மிட்லண்ட்ஸ் பக்கம் போனால் மலை மலையாக யூகலிப்டஸும் பைனும் நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தத் தோட்டங்களில் பட்டையில் சாயக் கோடு போட்ட மரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதை ஞாபகம் வரும்.

1981 ஜூன் 27ஆம் தேதி நியூ ஹாம்ப்ஷயரில் ஹென்னிக்கர் என்ற ஊரில் 12 பேர் அந்த நெல்ஸ்பாட்டை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்கள். எதிராளியின் கண்ணில் படாமல் கொடிகளைச் சேகரித்துக்கொண்டு வெளியே வர வேண்டும் என்பது ஆட்டம். காட்டு வேலை செய்கிற ரிச்சி வைட் ஒரு குண்டுகூடச் சுடாமல் ஜெயித்தார். பெயிண்ட்பால் என்ற விளையாட்டின் முதல் ஆட்டம் அதுதான். அந்த நாளில் சாயம் எண்ணெயில் கரைத்தது. ஆடி முடித்தவர்கள் டர்பன்டைன் தேய்த்துத்தான் முகம் கழுவினார்கள். தண்ணீரில் போகும் சாயம் பிறகுதான் வந்தது.

அதற்கு அடுத்த பதினைந்து ஆண்டுகள்தான் சேகரிப்பவர்களுக்குப் பொற்காலம். ஏர் ரைபிள் செய்து பேர் வாங்கிய விஸ்கான்சின் ஷெரிடன் கம்பெனி, அதே கைப்பழக்கத்தில் பித்தளைக் குழாய்களைப் பற்றவைத்து பம்ப் துப்பாக்கிகள் செய்தது. இண்டியானாவில் டிப்மன் குடும்பம் 1987இல் எஸ்எம்ஜி-60 என்பதைக் கொண்டுவந்தது. அதற்கு 0.62 அங்குலப் பந்து, ஐந்து ஐந்தாகப் பட்டையில் அடுக்கிப் போட வேண்டும். கலிபோர்னியாவில் பட் ஓர் பம்ப் துப்பாக்கி ஒன்றைத் சுட்டதும் தானே கொக்கி போட்டுக்கொண்டு அடுத்த பந்துக்குத் தயாராகும்படி மாற்றி ஆட்டோகாக்கர் ஆக்கினார். இல்லினாயில் டாம் கே ஆட்டோமேக் என்ற துப்பாக்கியைச் செய்தார். ஒவ்வொருவரும் தனித்தனிப் பட்டறையில் தனித்தனியாக யோசித்த காலம் அது. ஒன்றைத் திறந்தால் இன்னொன்றின் சாயலே இருக்காது. 1990களின் பின்பாதியில் பாட்டரியும் சர்க்யூட் போர்டும் உள்ளே நுழைந்தன. அந்தத் துப்பாக்கிகளையும் சேர்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அவற்றில் மனம் ஒட்டவில்லை. போர்டு செத்துவிட்டால் லேத்தில் கடைந்து எடுக்க முடியாது.

அரியது என்றால் என்ன என்று புதியவர்கள் அடிக்கடி குழம்புகிறார்கள். வயது மட்டும் ஒன்றை அரியதாக்காது. 1998இல் வந்த டிப்மன் மாடல் 98க்கும் இப்போது வயதாகிவிட்டது, ஆனால் வாடகைத் துப்பாக்கியாக உலகம் முழுக்கக் கிடக்கிறது. நெல்ஸ்பாட் 007 எல்லாவற்றுக்கும் பாட்டன் என்ற மரியாதை உண்டு, ஆனால் தேடினால் கிடைக்கும். அதற்கும் முந்தின கிராஸ்மன் 707 விற்காமல் போனது, அதனால் இன்று கண்ணில் படுவதே அபூர்வம். அந்தக் காலத்தில் விற்காத பொருள்தான் இன்று அரிய பொருள். அதே மாதிரி, சின்னப் பட்டறைகள் கைவேலையாகச் சில மாற்றங்கள் செய்து கொடுத்தவை, ஒரே ஒரு தடவை மட்டும் ஏற்றிய வண்ணம், தொழிற்சாலை ஓரிரு மாதத்தில் கைவிட்ட ஒரு பாகம், இவையெல்லாம் விலையைத் தூக்கும். இதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் பொருள் மாறாமல் இருக்க வேண்டும். அடித்த வரிசை எண், மூல வண்ணம், மூலத் திருகு எல்லாம் இருந்தால்தான் அது எந்த வகை என்று சொல்ல முடியும். நான் பிஜிபிக்குச் செய்த காரியம் என்ன என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சரி, ரெஸ்டோர் பண்ணுவது என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்கிறார்களே, அது என்ன? என் கணக்கில் ஒரு பழைய மார்க்கரை மூன்று பகுதியாகப் பார்க்க வேண்டும். வாயு போகிற வழி ஒன்று. ஒன்றோடொன்று உரசி வேலை செய்கிற உலோகம் இன்னொன்று. கண்ணுக்குத் தெரிகிற மேற்பரப்பு மூன்றாவது. முதலாவதில் எதை வேண்டுமானாலும் தயங்காமல் மாற்றலாம், மாற்றவும் வேண்டும். இரண்டாவதில் அளந்து பார்த்து, வேறு வழியே இல்லை என்றால் மாற்ற வேண்டும், கழற்றியதைத் தூக்கிப் போடக்கூடாது. மூன்றாவதில் கைவைக்கவே கூடாது. ஆரம்பக்காரர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மேலே பாலிஷ் போட்டு மினுக்குவார்கள், உள்ளே முப்பது வருடத்து ரப்பர் அப்படியே இருக்கும்.

வாயு வழியிலிருந்து தொடங்குவோம். இதில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. பழைய மார்க்கர்கள் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடில் ஓடுபவை. 12 கிராம் சின்னக் குப்பியோ, திருகிப் பூட்டும் சிலிண்டரோ. நம் வீட்டு சமையல் கேஸ் மாதிரிதான், உள்ளே பாதி திரவமாகவும் மேலே வாயுவாகவும் இருக்கும். 20 டிகிரி வெப்பத்தில் அந்த அழுத்தம் 57 பார் அளவு (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). 30 டிகிரியில் 72 பார். நம் ஊரில் தை மாதம் என்றால் பனி. இங்கே தைப்பூசக் காவடி எடுக்கிறபோது உச்சக் கோடை, தார் ரோடு காலைச் சுடும். அந்த வெயிலில் சிலிண்டரை பக்கியின் (இங்கே பிக்கப் வண்டிக்கு அப்படிப் பெயர்) பின்னால் போட்டு வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 31 டிகிரியைத் தாண்டினால் உள்ளே திரவம் என்ற ஒன்றே இருக்காது, எவ்வளவு அடைத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். காலையில் அளந்து வைத்த வேகம் மதியம் கூடிவிடும். பெரும்பாலான திடல்களில் பந்தின் வேக வரம்பு நொடிக்கு 300 அடி, அதாவது 91 மீட்டர். அதனால் வெயில் ஏறியதும் வேகமானியில் மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டும். அண்ணா இப்போது பல துப்பாக்கிகளுக்கு ரெகுலேட்டர் வைத்த அழுத்தக் காற்றுச் சிலிண்டர்தான் பூட்டுகிறார். வெயில் மாறினாலும் அதன் அழுத்தம் அவ்வளவாக மாறாது.

பெட்டியோடு வாங்கும்போது பழைய சிலிண்டரும் சேர்ந்து வரும். கழுத்தில் பரிசோதனைத் தேதி அடித்திருக்கும். தேதி போய்விட்டது என்றாலோ, தேதியே தெரியவில்லை என்றாலோ அதை நிரப்பாதீர்கள். அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடத்தில் நீர் அழுத்தச் சோதனை முடித்து, முத்திரை வாங்கிய பிறகுதான் அதற்குள் வாயு போக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் அழகு, பழமை, விலை எதையும் பார்க்காதீர்கள். சேகரிப்புக்கு வேண்டுமானால் வெறும் சிலிண்டரை அலமாரியில் வையுங்கள்.

திறப்பதற்கு முன் சிலிண்டரைக் கழற்றி, கண்ணைக் காக்கும் முகமூடி போட்டுக்கொண்டு, பத்திரமான பக்கமாகக் குழலைத் திருப்பி, பந்தில்லாமல் சில தடவை சுட்டு உள்ளே தேங்கிய வாயுவை வெளியேற்றுங்கள். அப்புறம்தான் ஆலன் கீ.

இனி ஓ-ரிங். வாஷர் மாதிரி இருக்கும் இந்தக் கறுப்பு ரப்பர் வளையங்கள்தான் மொத்த வாயுவையும் பிடித்து வைக்கின்றன. சாதாரண நைட்ரைல் ரப்பர் அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்ளும். அழுத்தத்தைச் சட்டென்று எடுத்தால், உறிஞ்சிய வாயு உள்ளிருந்தே ரப்பரை உப்பவைக்கும், சில சமயம் கொப்புளம் கட்டி வெடிக்கவும் செய்யும். சிலிண்டர் வாயில் இருக்கும் வளையம் கழற்றியவுடன் வீங்கி, திரும்பக் குழிக்குள் உட்காராமல் அடம்பிடிப்பது இதனால்தான். பாலியூரித்தேன் வளையம் போட்டால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். பழைய வளையம் காய்ந்து சப்பையாகி இருந்தால் அதன் அளவை நம்பி புதிது வாங்காதீர்கள். அது உட்காரும் குழியை வெர்னியரில் அளந்து அதற்கு ஏற்றதை வாங்குங்கள். துரு நீக்கும் ஸ்பிரேயை உள்ளே அடிக்கவே அடிக்காதீர்கள், சில ரப்பருக்கு அது ஆகாது. தேங்காய் எண்ணெயும் வேண்டாம், பிசின் மாதிரி ஆகிவிடும். இதற்கென்றே விற்கிற எண்ணெயில் இரண்டு மூன்று சொட்டு போதும்.

கசிவு எங்கே என்று பார்க்க சைக்கிள் கடை நினைவு வரட்டும். டியூபை முக்கிற மாதிரி துப்பாக்கியைத் தண்ணீரில் முக்காமல், சோப்புத் தண்ணீரைச் சின்ன பிரஷால் இணைப்புகளில் தடவினால் போதும், குமிழி காட்டிக் கொடுத்துவிடும். குழல் வழியாகவே காற்று சீறினால் வால்வுக்குள் இருக்கும் கப் சீல் என்ற அடைப்பான் தேய்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம்.

இரண்டாவது பகுதிக்கு ஒரு ஆட்டோகாக்கரை எடுத்துக்கொள்கிறேன். நான் முதன்முதலாக உள்ளும் புறமும் பிரித்தது அதைத்தான். கழற்றி ஒரு வெள்ளைத் துணியில் பரப்பினால், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழாய் ஓடும் அலுமினிய உடம்பு தெரியும். கீழ்க் குழாயில் வால்வும் ஹேமர் என்ற கனமான எஃகு உருளையும். மேல் குழாயில் பந்தை முன்னால் தள்ளும் போல்ட். பின்னால் இரண்டையும் சேர்த்து இழுக்கிற ஒரு கட்டை, பேக் பிளாக். முன்னால், குழலுக்குக் கீழே, மூக்கு மாதிரி மூன்று சின்னக் கருவிகள்: அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர், காற்றுக்குத் திசை மாற்றும் த்ரீ-வே, கட்டையைப் பின்னால் தள்ளும் ராம்.

விசையைக் கொஞ்சம் இழுத்தால் சியர் என்ற கொக்கி விடுபட்டு, ஹேமர் பாய்ந்து வால்வை அடிக்கிறது, பந்து போகிறது. அதே இழுப்பை இன்னும் கொஞ்சம் தொடர்ந்தால், விசையோடு கோர்த்த ஒரு கம்பி த்ரீ-வேயை நகர்த்துகிறது. காற்று ராமுக்குள் போய் பேக் பிளாக்கைப் பின்னால் தள்ளுகிறது, ஹேமர் மறுபடி கொக்கியில் மாட்டுகிறது, போல்ட் திறந்து அடுத்த பந்து விழுகிறது. விசையை விட்டால் எல்லாம் முன்னால் வந்து மூடிக்கொள்கிறது. ஒரே விரல் இழுப்புக்குள் முதலில் சுடுவது, அப்புறம் கொக்கி போடுவது. இந்த வரிசைக்கு டைமிங் என்று பெயர். வரிசை தப்பி, சுடுவதற்கு முன்பே கட்டை பின்னால் போக ஆரம்பித்தால், வாயு மேலே பந்துக் கூடைக்குள் அடிக்கும், பந்து உள்ளேயே உடைந்து சாயம் வழியும். பழைய ஆட்டோகாக்கர் வாங்கிய பலர் 'கெட்டுப்போன துப்பாக்கி' என்று விற்றுவிடுவது இந்த ஒரு கோளாறுக்காகத்தான். அந்தக் கம்பியின் நீளத்தை மரையில் கால் சுற்று, அரைச் சுற்று என்று மாற்றிப் பார்த்தாலே பல தடவை சரியாகிவிடும். எங்கள் கராஜில் முதன்முறை டைமிங் சரியாக விழுந்தபோது வந்த 'டக்-ஷுக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அண்ணா எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

சியரின் நுனியும் ஹேமரின் கொக்கியும் தேய்ந்து மழுங்கியிருந்தால் விரலே படாமல் வெடிக்கக்கூடும். அரம் போட்டுக் கூர் தீட்டாதீர்கள். கடினமாக்கிய மேல் தோல் போய்விட்டால் அடுத்த வாரமே மறுபடி மழுங்கும். மாற்றுங்கள், பழையதை ஒரு கவரில் போட்டு எந்தத் துப்பாக்கியினுடையது, எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள்.

ஒரு டர்னராக நான் தொண்டை கிழியச் சொல்ல விரும்புவது மரையைப் பற்றி. இந்தத் துப்பாக்கிகள் எல்லாம் அங்குலக் கணக்கு. தென்னாப்பிரிக்காவில் சாதாரண ஹார்டுவேர் கடையில் மில்லிமீட்டர் திருகுதான் முதலில் கையில் வரும். ஆட்டோகாக்கர் கைப்பிடியைப் பிடிக்கும் திருகு 10-32. அதன் விட்டம் 4.83 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 32 மரை. நம் கடை எம்5 திருகு 5 மில்லிமீட்டர், அங்குலத்துக்குக் கணக்குப் போட்டால் 31.75 மரை. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். எம்5ஐ அந்தத் துளையில் வைத்தால் முதல் ஒன்றிரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். இறுகுகிறதே என்று சாவியை அழுத்தினால் எஃகுத் திருகு ஜெயிக்கும், அலுமினிய மரை தோற்கும். முப்பது வருடம் தாங்கிய மரை பத்து நொடியில் தூள். பெட்டியில் வந்த ஒரு துப்பாக்கியில் யாரோ அப்படிச் செய்திருந்தார்கள். துளையைப் பெரிதாக்கி, உள்ளே கம்பிச்சுருள் மரை வைத்து மீட்டேன், ஆனால் அது மூலத் துளை இல்லை என்பது எனக்குத் தெரியும். கையால் சுற்றும்போது மூன்றாவது சுற்றில் இறுகினால் நிறுத்துங்கள். அளவு தப்பு.

மேற்பரப்புக்கு வருவோம். பித்தளையைப் பற்றிப் பாதி சொல்லிவிட்டேன். புளியின் அமிலம் களிம்பைக் கரைப்பதோடு நிற்பதில்லை, பித்தளையில் கலந்திருக்கும் துத்தநாகத்தையும் கொஞ்சம் கரைக்கிறது. துலக்கிய பிறகு ஓரிரு இடத்தில் செம்பு மாதிரி சிவந்து தெரிவது அதனால்தான். விளக்குக்குப் பரவாயில்லை, அடுத்த வாரமும் துலக்குவோம். துப்பாக்கிக்கு ஆகாது. அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமும் வேண்டாம், அழுத்தம் தாங்கும் பித்தளையில் விரிசல் விடவைக்கக்கூடியது அது. ஷெரிடனின் குழாய்கள் ஈயப் பற்றில் சேர்த்தவை. புதுப் பூச்சு அடித்து அடுப்பில் சுட்டு எடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், பற்று இளகிவிடும். களிம்பு பரவுகிறது என்றால் மட்டும் மெல்லிய பருத்தித் துணியில் துளி எண்ணெய் தொட்டுத் துடையுங்கள், அவ்வளவுதான்.

அலுமினியத்தின் வண்ணம் பெயிண்ட் இல்லை. மின்சாரம் பாய்ச்சி உலோகத்தின் மேலேயே ஆக்சைடு அடுக்கை வளர்த்து அதில் சாயம் ஏற்றுகிறார்கள், அனோடைசிங் என்பார்கள். உரிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப்போட முடியாது. முழுவதையும் காஸ்டிக் சோடாவில் உரித்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும், உரிக்கும்போது உலோகமும் கொஞ்சம் போகும், இறுக்கமாக ஓடிய போல்ட் லொடலொடவென்று ஆகும். 1990களில் இரண்டு மூன்று வண்ணத்தைத் தெளித்து ஏற்றியவை உண்டு, ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. வெயிலில் வெளிறிய ஊதாவாக இருந்தாலும் அதை அப்படியே விடுங்கள். ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியிலும் நீண்ட நாள் வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், காலப்போக்கில் பிசுபிசுவென்று உதிர்ந்து உலோகத்தில் ஒட்டும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைப்பது டர்பன் காற்றுக்கு நல்லது.

சுட்டுப் பார்க்க ஆசை வரும். வரட்டும், ஓடாத துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கும் பிடிக்காது. பழைய குழல்கள் கொஞ்சம் அகலம், அன்றைய பந்துகளும் கொஞ்சம் பெரிது. இன்றைய பந்தைப் பழைய குழலில் போட்டுச் சாய்த்தால் உருண்டு வெளியே விழுந்துவிடும். பந்தைக் குழலில் வைத்து வாயால் ஊதிப் பாருங்கள், கொஞ்சம் எதிர்த்துப் பிறகு போனால் பொருத்தம் சரி. தானாக விழுந்தால் வாயு சுற்றிக் கசிந்து வீணாகும், பந்தும் நேராகப் போகாது. அதற்காகப் பழைய குழலுக்குள் எதையும் ஒட்டாதீர்கள். சுடுவதற்கு ஒரு புதுக் குழல் வாங்கிப் பூட்டி, மூலக் குழலைப் பத்திரப்படுத்துங்கள். பந்தை வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். ஜெலட்டின் இந்த ஊர் ஈரப்பதத்தில் வீங்கி மெத்தென்று ஆகி, குழலுக்குள்ளேயே உடையும். அந்த ஓடு பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. புரட்டாசி விரதத்தில் இருப்பவர்கள் சிலர் இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன். எஸ்எம்ஜி-60 வாங்குகிறவர்கள் 0.62 அங்குலப் பந்து எளிதில் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? தென்னாப்பிரிக்காவின் 2000ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், பிரிவு 5இல், துப்பாக்கியாகக் கருதப்படாதவை என்று ஒரு பட்டியல் தருகிறது. பெயிண்ட்பால் துப்பாக்கி அதில் இருக்கிறது. ஆனால் பிரிவு 120ஐயும் படியுங்கள். பார்க்கிறவர் நிஜத் துப்பாக்கி என்று நம்பக்கூடிய எதையும், சரியான காரணமில்லாமல் ஒருவரை நோக்கிக் காட்டுவது குற்றம். கறுப்புப் பூச்சுப் பிஜிபியை ரோட்டில் யாராவது பார்த்தால் பொம்மை என்றா நினைப்பார்கள்? பைக்குள் வைத்து, சிலிண்டரைக் கழற்றி, குழலுக்கு உறை போட்டு எடுத்துப் போங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிறதாக இருந்தால் காசு கட்டுவதற்கு முன் கஸ்டம்ஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் துப்பாக்கியாக எதை வாங்கலாம் என்றால், அரியதை வாங்காதீர்கள் என்பேன். கற்றுக்கொள்கிற கை தப்பு செய்யும். பாகம் கிடைக்கிற டிப்மனோ, அடிபட்ட ஆட்டோகாக்கரோ ஒன்றை வாங்கிப் பத்துத் தடவை பிரித்துப் பூட்டுங்கள். பிரிக்கிறபோது ஒவ்வொரு படியிலும் கைபேசியில் படம் எடுங்கள். ஸ்பிரிங்குகளைக் கலந்து போடாதீர்கள், பார்க்க ஒன்று போல இருக்கும், பலம் வேறாக இருக்கும். விற்கிறவரிடம் மூலத் திருகு, கழற்றிய பாகம், கையேடு, பெட்டி எது இருந்தாலும் கேட்டு வாங்குங்கள், அவருக்கு அது குப்பையாகத் தெரியலாம். யாரிடமிருந்து, எந்தத் திடலில் ஓடியது என்று கேட்டு எழுதி, அந்தச் சீட்டைத் துப்பாக்கியோடு வையுங்கள்.

என் பிஜிபிக்கும் அப்படி ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். எந்த ஆண்டு வாங்கியது, பூச்சு எந்தெந்த இடத்தில் தேய்ந்திருந்தது, எந்தத் தேதியில் யார் அதைத் துலக்கினார் என்பது வரை அதில் இருக்கிறது. வாங்கின அன்று கைபேசியில் எடுத்த ஒரு மங்கலான படத்தையும் அச்சடித்துச் சேர்த்து வைத்தேன். அண்ணா அதை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, பம்ப் பிடியின் இடது பக்கம்தான் அதிகம் தேய்ந்திருக்கிறது என்றார்.